ரெண்டு கிராபிக்ஸ் கார்டு: நடுத்தர பட்ஜெட்டின் பழைய கனவு

இன்னிக்கு எபிசோட் கம்ப்யூட்டர் வரலாற்றுல ஒரு சின்ன துண்டு. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு மாட்டி கேம் விளையாடின காலம் பத்தி. எங்க ஊர் பொதட்டூர்பேட்டையில இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இதுக்குக் காரணம்: "அண்ணா, இப்ப கையில இருக்கிற காசுக்கு ஒரு கார்டு வாங்கிடறேன். தீபாவளி போனஸ் வந்ததும் அதே மாதிரி இன்னொன்னு வாங்கி மாட்டினா, பெரிய கார்டுக்குச் சமமாயிடும் இல்ல?"

நியாயமான கேள்வி. விசைத்தறி ஓடுற ஊர்ல கணக்கே இப்படித்தான். முதல்ல ஒரு தறி. கடன் அடைஞ்சதும் இன்னொரு தறி. ரெண்டு தறி ஓடினா ரெண்டு பங்கு துணி. கார்டுக்கும் இதே கணக்கு செல்லும்னு கம்பெனிகளே ஏறக்குறைய 20 வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. அது எந்த அளவுக்குச் செல்லுச்சு, ஏன் செல்லாமப் போச்சு, அதுதான் இன்னிக்குக் கதை.

தொடக்கம் 1998. அமெரிக்காவின் த்ரீடிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூ 2 என்ற கார்டை வெளியிட்டது. அதுல எஸ்எல்ஐ என்று ஒரு வசதி. ஸ்கேன் லைன் இன்டர்லீவ் என்பதன் சுருக்கம். திரையில தெரியற படம் கிடைமட்டக் கோடுகளால் ஆனது. ஒரு கார்டு ஒற்றைப்படைக் கோடுகளை வரையும், இன்னொரு கார்டு இரட்டைப்படைக் கோடுகளை வரையும். ஒரே தறியில ரெண்டு நாடா மாறி மாறி ஓடுற மாதிரி. தனியா ஒரு கார்டு 800க்கு 600 வரைக்கும்தான் போகும்; ரெண்டு சேர்ந்தா 1024க்கு 768. அன்னிக்கு அது பெரிய விஷயம். ஆனா த்ரீடிஎஃப்எக்ஸ் நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில் அதன் சொத்துக்களை வாங்க என்விடியா ஒப்பந்தம் போட்டது.

2004-ல என்விடியா அதே எஸ்எல்ஐ பேரைத் திரும்பக் கொண்டுவந்தது. எழுத்து அதேதான், விரிவாக்கம் மட்டும் வேற: ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ். அடுத்த வருஷமே ஏடிஐ, கிராஸ்ஃபயர் என்று போட்டிக்கு வந்தது.

இந்த முறை வேலையைப் பிரிக்கிற விதம் மாறிடுச்சு. ஒரு படத்தை ரெண்டா வெட்டினா, அதுல வர்ற உருவங்களோட கணக்கை ரெண்டு கார்டும் முழுசாப் போட வேண்டியிருந்தது. அதனால பெரும்பாலும் முதல் படம் ஒரு கார்டுக்கு, அடுத்த படம் இன்னொரு கார்டுக்கு என்று பிரிச்சாங்க. காகிதத்துல பார்த்தா இரட்டிப்பு வேகம். நடைமுறையில மூணு சிக்கல்.

முதல் சிக்கல், தாளம் தப்புறது. நொடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிசெகண்ட் இடைவெளியில வரணும். ரெண்டு கார்டும் மாறி மாறி அனுப்பும்போது ஒன்று 6-ல வரும், அடுத்தது 27-ல வரும். சராசரி அதே 60தான். கண்ணுக்கு மட்டும் திக்கித் திக்கி ஓடும். 2011-ல டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன், சராசரியை விட்டுட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஆகிற நேரத்தைத் தனித்தனியா அளக்க ஆரம்பிச்ச பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஏஎம்டி இதைச் சீராக்கும் டிரைவரை 2013 ஆகஸ்டில் வெளியிட்டது.

ரெண்டாவது, மெமரி கூடாது. 4 ஜிபி கார்டு ரெண்டு போட்டா 8 ஆகாது. ஒரே விஷயத்தை ரெண்டு கார்டும் தனக்கென ஒரு பிரதி வெச்சுக்கணும். அதனால கையில இருப்பது 4தான்.

மூணாவது, ஒவ்வொரு கேமுக்கும் டிரைவர்ல தனியா ஏற்பாடு பண்ணணும். அது இல்லாத கேம்ல ரெண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

இப்ப 2016. அந்த வருஷம் ரெண்டு விஷயம் நடந்தது. தைபேயில ஏஎம்டி மேடையில ராஜா கொடூரி நிற்கிறார். நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் பிறந்து காரக்பூர் ஐஐடியில் படிச்சவர். அப்போ ஏஎம்டியின் கிராபிக்ஸ் பிரிவுக்குத் தலைவர். 500 டாலருக்குள் அடங்கும் ரெண்டு ஆர்எக்ஸ் 480 கார்டுகள், அதைவிட விலை கூடின ஜிடிஎக்ஸ் 1080-ஐ ஒரு கேம்ல முந்துவதைக் காட்டினார். தம்பி கேட்ட கனவு, அப்படியே மேடையில.

அதே வருஷம் என்விடியா விட்ட நடுத்தர விலைக் கார்டு ஜிடிஎக்ஸ் 1060. அதுல எஸ்எல்ஐ கிடையாது. வேணும்னா 1070, 1080-க்குப் போகணும். காசு பத்தாதவனுக்காகச் சொல்லப்பட்ட வசதி, காசு இருக்கிறவனுக்கு மட்டும்னு ஆயிடுச்சு.

கரண்ட் கணக்கும் ஒண்ணு இருக்கு. ஆர்எக்ஸ் 480 ஒண்ணு 150 வாட், ரெண்டு சேர்ந்தா 300. ஜிடிஎக்ஸ் 1080 ஒண்ணு 180. வித்தியாசம் 120 வாட். தினம் 4 மணி நேரம் முழு வேகத்துல ஓடினா ரெண்டு மாசத்துக்குச் சுமார் 29 யூனிட் கூடுதல். நம்ம வீட்டு இலவச யூனிட்டுல ஒரு பங்கு அதிலேயே போயிடும்.

மேடையில ஜெயிச்ச கனவு ஏன் வீட்டுக்கு வரலை? 2015-ல வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேலையைப் பிரிக்கிற பொறுப்பை கேம் எழுதுறவங்க கையில கொடுத்தது. ரெண்டு கார்டு வெச்சிருக்கிறவங்க கொஞ்சம் பேர்தான். அவங்களுக்காக மாசக்கணக்கில் உழைக்க எந்த ஸ்டுடியோவும் பெரிசா முன்வரல. அதோட, புதுக் கேம்கள் விளிம்புகளை மென்மையாக்க முந்தைய படத்தையே எடுத்துப் பயன்படுத்த ஆரம்பிச்சுது. முந்தின படம் பக்கத்துக் கார்டுல இருக்கு. அது முடிஞ்சு வர்ற வரைக்கும் இந்தக் கார்டு காத்திருக்கணும். தறிக் கணக்கு தப்புறது இங்கதான். ரெண்டு தறி ரெண்டு துணியை நெய்யும். ஒண்ணுக்காக ஒண்ணு காத்திருக்காது. ரெண்டு கார்டு ஒரே துணியை நெய்யணும்.

2020-ல வந்த என்விடியா 30 வரிசையில 3090-க்கு மட்டும்தான் இணைப்பு வசதி. 2021 ஜனவரி 1 முதல் புது எஸ்எல்ஐ ஏற்பாடுகள் டிரைவர்ல சேர்க்கப்பட மாட்டாது என்று அறிவிச்சாங்க. 2022-ல வந்த 4090-ல அந்த வசதியே இல்லை.

கேமுக்குச் செத்தது வேற இடத்துல உயிரோட இருக்கு. 24 ஜிபி உள்ள 3090 ரெண்டு போட்டு வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுறாங்க. 70 பில்லியன் அளவுள்ள மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினா சுமார் 35 ஜிபி. அதன் அடுக்குகளில் பாதி ஒரு கார்டில், மீதி இன்னொன்றில். இங்கே பிரதி வேண்டாம், மெமரி நிஜமாவே கூடுது. கேம்லயும், ஒரு கார்டு கேமை வரைய, இன்னொன்று நடுநடுவே வரும் படங்களை மட்டும் உருவாக்கித் தர, லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள் இருக்கு. ஒருத்தர் தார் சுத்த, ஒருத்தர் நெய்யற மாதிரி. வேலை வேற வேற என்பதால ஒத்துப்போகுது.

தம்பி, திருத்தணியில ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போகும்போது, பழைய மதர்போர்டு பெட்டியில "எஸ்எல்ஐ ரெடி"ன்னு அச்சடிச்சிருந்தா அதுக்காக ஒரு ரூபாய் கூடுதலாக் கொடுக்காதே. அந்தக் காசைத் தரமான பவர் சப்ளையில போடு. ஒரே கார்டு வாங்கு. போனஸ் வந்ததும் அதை வித்து, மேல காசு போட்டு அடுத்த கார்டுக்கு மாறு. தவணையில பெரிய கார்டுக்குப் போக இன்னிக்கு இருக்கிற வழி இதுதான்.