பலகை அதிகாரமான கதை

மின்வாரியத்தை ஊரில் ‘கரண்ட் போர்டு’ என்கிறோம். கடை வாசலில் தொங்குவதும் போர்டு; விடுதியில் தங்கிப் படித்தால் போர்டிங். ஆங்கிலத்திலோ கப்பலில் ஏறுவதற்கும், கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கும்கூட அதே சொல்தான். இத்தனை பொருளும் ஒட்டுறவில்லாமல் சிதறிக் கிடப்பதாகத் தோன்றலாம். உண்மையில் இவை ஒரு மரப்பலகையைக் கொண்டு மனிதர்கள் செய்த வேலைகளின் வரலாறு.

பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் அறுத்த பலகை. இடைக்கால இங்கிலாந்தின் பெருவீடுகளில் சாப்பாட்டு நேரத்தில் மரத் தாங்கிகளின்மேல் பலகைகளைப் பரப்பித் துணி விரிப்பார்கள். உண்டு முடித்ததும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் பலகையின் பெயர் மேசைக்கு வந்தது. மேசையின் பெயர் அதில் பரிமாறிய சோற்றுக்கும் வந்தது. உணவும் உறைவிடமும் தரும் பள்ளி ‘போர்டிங் ஸ்கூல்’ ஆனது இப்படித்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களுக்கும் அதே பெயர் நிலைத்தது. அரண்மனைச் செலவுகளைக் கவனித்த குழுவுக்கு, மேசைமேல் விரித்த துணியை வைத்தே ‘பச்சைத் துணி போர்டு’ என்று பெயர். 1696இல் மூன்றாம் வில்லியம் வணிகத்தையும் குடியேற்ற நாடுகளையும் கவனிக்க அமைத்த குழு ‘வணிக போர்டு’ என்று வழங்கியது.

மேசையின் பெயர் மனிதர்களுக்கு ஏறியது தற்செயல்தானே என்று கேட்கலாம். ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்திருந்தால் அப்படிச் சொல்லலாம். இங்கிலாந்தின் கருவூலமான எக்ஸ்செக்கருக்கு, 12ஆம் நூற்றாண்டில் கட்டம்போட்ட துணி விரித்துக் காய் நகர்த்திக் கணக்குப் பார்த்த மேசையால் பெயர் வந்தது. பிரெஞ்சு ‘பியூரோ’ முதலில் முரட்டுத் துணி, பிறகு எழுதுமேசை, கடைசியில் அலுவலகம். கணக்கு எங்கே நடந்ததோ அங்கே அதிகாரம் குடியேறியது. பெயரும் அந்த இடத்திலிருந்தே கிடைத்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கப்பலின் பக்கவாட்டைக் குறித்த ‘போர்டு’ தொடக்கத்தில் வேறு சொல் என்றும், பிற்பாடு இரண்டும் கலந்தன என்றும் சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை ஏற்றாலும் வாதம் குலையவில்லை. கப்பலின் பக்கமே பலகைகளால் ஆனது என்பதால்தான் பேசியவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சென்னை மாகாணத்துக்கு இந்தச் சொல் ஆட்சியோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1786இல் இங்கே ரெவின்யூ போர்டை அமைத்தது. அது 1980 வரை நீடித்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. ஜில்லா போர்டு நடத்திய பள்ளி ‘போர்டு ஹைஸ்கூல்’ ஆனது. குழுவைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருக்கின்றன. ஆனால் அவை ஊர்ச்சபை குடவோலையில் தேர்ந்தவை. சொத்தும் கல்வியும் உடைய சிலருக்கே அவற்றில் இடம் என்றாலும், உறுப்பினர்கள் ஊருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். ரெவின்யூ போர்டோ மேலிருந்து நியமிக்கப்பட்டது. ஊரிடம் வரி கேட்டது, ஊருக்குக் கணக்குச் சொல்லவில்லை. அமைப்பு வேறு என்பதால், இன்று ‘மின்வாரியம்’ என்று எழுதினாலும் பேச்சில் பெயர் வேறாகவே தங்கியது. சோறு பரிமாறிய மேசை என்ற பொருள் ‘போர்டிங்’ என்பதோடு நின்றுவிட்டது. ‘போர்டு’ என்று ஆட்சியோடு வந்தது உத்தரவு போட்ட மேசைதான். ஒரு சொல்லின் எந்தப் பொருள் கடல் தாண்டும் என்பதை, அதைச் சுமந்து வந்தவர்களின் தேவையே தீர்மானிக்கிறது.