கிராண்டில் இல்லாத பெயர்

கிள்ளானில் இருந்த என் பெரியப்பாவின் வீடு விற்கப்பட்டபோது எனக்குப் பதினெட்டில் ஒரு பங்கு வந்தது. 25,000 வெள்ளி. அந்த வீட்டில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. தீபாவளிக்குப் போவேன், முறுக்கு தின்பேன், திரும்பிவிடுவேன். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அங்கேயே இருந்து, படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியம்மாவைக் கழுவித் துடைத்து, பெரியப்பாவுக்கு இன்சுலின் ஊசி போட்டு, கூரை ஒழுகிய இடத்தில் எல்லாம் வாளி வைத்த அக்காவுக்குச் சட்டப்படி வந்தது ஒன்றுமில்லை.

அக்கா சீனப் பெண். கைக்குழந்தையாய் வந்தவர். மலேசியத் தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம், ஒவ்வொரு குடும்பத்திலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். மலாயாவில் அவசரகாலம் 1948 முதல் 1960 வரை நீடித்தது. காட்டோரங்களில் வாழ்ந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அதற்கு முன்பிருந்தே வறுமை இருந்தது, பெண் பிள்ளை பாரம் என்ற எண்ணம் இருந்தது, ஜாதகம் சரியில்லை என்ற பயமும் இருந்தது. பக்கத்துத் தோட்டத்திலோ கம்பத்திலோ பிள்ளையில்லாத தமிழர் வீடும் மலாய்க்காரர் வீடும் இருந்தன. குழந்தை கை மாறும். சிலர் ஓர் அங்பாவ் கொடுத்தார்கள், சிலர் அரிசி மூட்டை. பெரியம்மா என்ன கொடுத்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், "நான் என்ன கோழியா வாங்குனேன்?" என்பார்.

பிறப்புப் பத்திரத்தில் சீனப் பெயர், சீனத் தாயின் பெயர். வீட்டில் தமிழ்ப் பெயர். தமிழ்ப்பள்ளியில் படித்தார், தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தார். ஐசியில் மட்டும் கடைசிவரை அந்த வேறு பெயர்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழருக்குச் சொந்த வீடு என்பது மிகச் சமீபத்திய விஷயம். தோட்டத்து லயம் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களும் கிராணிமார்களும் இருந்த குவார்ட்டர்ஸ் அரசாங்கத்துடையது. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்று பெயர்பெற்ற அந்த வரிசைகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பிறந்தார்கள், ஆனால் பென்ஷன் வாங்கிய மறுமாதம் சாமான் கட்ட வேண்டியதுதான். அங்கே வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நினைவுகள் உண்டு, பங்கு கேட்க எதுவும் கிடையாது. என் தாத்தா செத்தபோது பாகம் பிரிக்க இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் இரண்டு பசுவும். பசுவுக்கே சண்டை வந்ததாம்.

பெரியப்பா துறைமுகத்தில் வேலை செய்தார். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று இருந்தது 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு தாமானில் ஒற்றை மாடி வீடு வாங்கினார். எங்கள் வம்சத்தில் நிலத்தின் மேல் பெயர் எழுதப்பட்ட முதல் ஆள் அவர்தான். கிராண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அந்தக் காகிதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறை அது. பழைய பத்திரங்களைத் தோண்டிப் பார்க்க வேண்டாம், அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். சிலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல் இதில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார், 1891இல் சிலாங்கூருக்கு அந்தச் சட்டம் வந்தது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தேசிய நிலச் சட்டமும் அதே வழிதான். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நல்ல முறை. ஆனால் பதிவேட்டுக்கு யார் வாசல் பெருக்கினார்கள் என்று தெரியாது. செத்தவர் பெயரும் யாராவது போய் மாற்றும்வரை அப்படியே இருக்கும். கிள்ளானில் முப்பது வருஷத்துக்கு முன் இறந்தவர்கள் இன்னும் வீட்டுக்காரர்களாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா உயில் எழுதவில்லை. "எழுதினா சீக்கிரம் போயிருவேன்" என்பது அவர் கட்சி. எழுதியிருந்தால் ஒரு தாள், இரண்டு சாட்சி போதும். சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் சொத்து பெறுபவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உயிலில் நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் வீட்டை விற்பதும் எளிது. உயில் இல்லாவிட்டால் நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி, மறுபடியும் நீதிமன்ற அனுமதி வாங்காமல் வீட்டை விற்க முடியாது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இபிஎப் பாரத்தில் மட்டும் அக்கா பெயரை எழுதியிருந்தார் பெரியப்பா. அந்தப் பணத்தை 55 வயதில் எடுத்து அடுப்படியை நீட்டிக் கட்டினார்.

ஆக 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் வந்து உட்கார்ந்தது. இதன் வேர் 1670இல் இங்கிலாந்தில் போட்ட சட்டத்தில் இருக்கிறது. 1997இல் திருத்தும்வரை, மனைவி இறந்தால் அவள் சொத்து முழுக்கப் புருஷனுக்கு. புருஷன் இறந்தால் பிள்ளை இருக்கும் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதை யாரும் அநியாயம் என்று நினைக்காமல் நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது. இப்போதும் சட்டம் 'பிள்ளை' என்று சொல்லும்போது வளர்ப்புப் பிள்ளையை வெளியே நிறுத்துகிறது. 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தால் மட்டும் உள்ளே விடும். 50களில் குழந்தையைத் துண்டில் சுற்றி வாங்கிய எந்தத் தமிழ்த் தாய் நீதிமன்றத்துக்குப் போனாள்? மனைவி, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லையென்றால் அடுத்த வரிசை உடன்பிறப்புகள். இறந்த உடன்பிறப்பின் பங்கு அவர் பிள்ளைகளுக்கு. பெரியப்பாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், அதில் என் அப்பா ஒருவர். நாங்கள் மூன்று பிள்ளைகள். பதினெட்டில் ஒன்று என்று ஆனது அப்படித்தான்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்தார்கள். அவர்கள் ஊரின் வழக்காறுகளை 1706இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. அதில் சுவீகாரம் பற்றி ஒரு பகுதி உண்டு. ஒரு பிள்ளையை வாரிசாக்க நினைக்கும் தம்பதி, சொத்து யாருக்குப் போயிருக்குமோ அந்தச் சகோதர சகோதரிகளிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிப்பவர்கள் எல்லார் முன்னிலையிலும் மஞ்சள் நீரில் விரலை நனைப்பார்கள். அந்த நீரைத் தம்பதி குடிப்பார்கள். வண்ணாரும் நாவிதரும் சாட்சி. விரல் நனைக்காதவனின் உரிமை அவனிடமே இருக்கும்.

நாங்கள் யாழ்ப்பாணத்தார் இல்லை, தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் பக்கத்துப் பழைய தர்மசாஸ்திரத்தில் பெண்ணைத் தத்தெடுக்கவே வழி கிடையாது, இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அந்தத் தேசவழமையும் இங்கே மலாயா மண்ணில் இருக்கும் வீட்டுக்குச் செல்லாது. இருந்தும் அந்த மஞ்சள் நீர்க் கிண்ணம் என் மனதை விட்டுப் போகவில்லை. இழக்கப்போகிறவனை எதிரே உட்காரவைத்து, எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுகிறார்கள். நாம் கருமாதி முடிந்த பிறகு கேட்கிறோம்.

எங்கள் விஷயம் நில அலுவலகத்தில் நடந்தது. நிலம் உள்ள சிறு சொத்துகளுக்கு உயர் நீதிமன்றம் போகாமல் அங்கேயே விசாரணை வைக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2009 முதல் இருபது லட்சம் வெள்ளி வரை என்று இருந்த வரம்பு 2024 ஜூலையில் ஐம்பது லட்சம் ஆனது. பதினொரு வாரிசுகள். ஓர் அத்தை, வேலைப் பெர்மிட் பிரச்சனையில் 1970இல் குடும்பத்தோடு இந்தியா போனவர், அங்கிருந்து அவர் கையெழுத்து வரவே எட்டு மாதம். விசாரணை நாளில் அதிகாரி பொறுமையாகத்தான் இருந்தார். வீட்டு ஆவணங்களைப் புரட்டியவர் லெட்ரிக் பில்லில் இருந்த சீனப் பெயரைப் படித்து, இது யார், வாடகைக்கு இருப்பவரா என்று மலாயில் கேட்டார். சித்தப்பாவுக்கே அந்தப் பெயர் பிடிபடவில்லை. பின்வரிசையிலிருந்து அக்கா கையைத் தூக்கினார். கோர்ட் ஓர்டர் இருக்கிறதா என்றார் அதிகாரி. இல்லை. குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போனார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு என் மனதில் ஓடியது காரின் மிச்சக் கடன்.

வெளியே வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தபோது கடைசி அத்தைதான் ஆரம்பித்தார். "வித்து வர்ற காசுல ஆளுக்குப் பாதி அவளுக்குக் குடுப்போம். யாருக்கு இஷ்டமோ இப்பவே சொல்லிருங்க." மேசையில் தே தாரிக் கோப்பைகள்தான் இருந்தன, மஞ்சள் நீர் இல்லை. பதினொரு பேரில் எட்டுப் பேர் சரி என்றோம். எட்டாவது ஆள் நான். மூன்று பேர் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது.

"நான் எதாச்சும் கேட்டேனா?" என்றார் அக்கா. பிறகு, "வாங்குறவன் வர்றதுக்குள்ள அந்த முருங்கையில போத்து ஒண்ணு வெட்டிக்கிறேன்" என்றார்.

கிராண்டில் பெரியப்பா பெயர் போய்ப் பதினொரு பெயர்கள் ஏறின. என் பெயர் முழு எழுத்தில் ஒரு நிலத்தின் மேல் இருந்தது அந்த ஏழு மாதம்தான். வீடு நாலரை லட்சத்துக்குப் போனது. வாங்கியவர் முன்பக்கத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்.

அக்கா இப்போது காப்பாரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில், வாடகைக்கு. போன மாதம் போனபோது ஒரு கடிதத்தைக் காட்டினார். பழைய வீட்டின் தண்ணி, லெட்ரிக் டெபாசிட் பணம் திரும்ப வந்திருந்தது. இரண்டும் அவர் பெயரில்தான் இருந்தன, ஐசியில் உள்ள அந்தப் பெயரில். "பாத்தியா, என் பேருக்கும் வந்துருக்கு" என்று சிரித்துக்கொண்டே கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகினார்.