கங்காணி முறையும் தொழிலாளர் பிணைப்பும்

கங்காணி முறை என்பது பிரித்தானியர் கால இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளரைத் திரட்டவும் கட்டுப்படுத்தவும் பயன்பட்ட ஏற்பாடாகும். மலாயாவிலும் இம்முறை இருந்தது. துரையின் கடும் அதிகாரத்தைத் தொழிலாளர் எதிர்கொண்ட விதத்தை, கங்காணியோடு அவர்களுக்கிருந்த உறவும் கடனும் பெரிதும் தீர்மானித்தன.

அமைப்பு

கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்தார். வழிச்செலவுக்குத் தந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. பெரிய கங்காணியின் கீழ் சில்லறைக் கங்காணிகள் சிறு குழுக்களை நடத்தினர். பெரட்டில் ஆள்கணக்குக் காட்டுவது, வேலை வாங்குவது, லயத்துச் சண்டைகளைத் தீர்ப்பது ஆகியவை கங்காணியின் பொறுப்புகள். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளி துரையிடம் நேரில் பேசுவது அரிது. ஆகவே ஊர்ப் பெரியவர், கடன் கொடுத்தவர், மேற்பார்வையாளர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருந்தனர்.

எதிர்வினைகள்

கங்காணியை நம்பியவர்கள் அவரோடு கூட்டாகத் தோட்டம் மாறினர். இதற்குத் 'துண்டு' உதவியது. ஆட்களின் கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனை அடைத்தாலும், அது தொழிலாளியின் கணக்கிலேயே தொடர்ந்தது. கங்காணியையும் வெறுத்தவர்கள் தனியே ஓடினர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். வேறு வழியற்றோர் அடங்கி இருந்தனர்.

வீழ்ச்சி

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் பாடல்கள் வழியே தொழிலாளரிடம் உரிமைகளை எடுத்துரைத்தார். முறையீட்டுக்குக் கங்காணியை விட்டால் ஆளில்லை என்ற நிலை இதனால் மாறத் தொடங்கியது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார்.

உளவியல் ஒப்பீடு

ஜான் பவுல்பி வகுத்த பிணைப்புக் கோட்பாட்டை 1990இல் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் ஆகியோர் பணியிடத்துக்கு விரித்தனர். அது தனிமனிதரின் மனப்பாங்கை ஆராய்கிறது. தோட்டங்களிலோ பிணைப்பு கடன் கணக்கிலும் சட்டத்திலும் எழுதப்பட்டிருந்தது. எனவே தொழிலாளரின் பணிவை அவர்களது இயல்பாக மட்டும் கொள்வது பொருந்தாது. அக்கட்டுகள் தளர்ந்தபின் அவர்கள் சங்கங்களில் திரண்டதே அதற்குச் சான்று.