சொக்சோ இயலாமை ஓய்வூதியம்: தகுதி இருந்தும் தவறவிடாதீர்கள்

என் அப்பா 12 ஆண்டுகள் இராணுவத்தில் இருந்தவர். வெளியே வந்த பிறகு சம்பளச் சீட்டு இல்லாத வேலைகள் பலவற்றைச் செய்து, கடைசி 8 ஆண்டுகள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகாவாக இருந்தார். 54 வயதில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்து, கிள்ளானில் வீட்டோடு முடங்கினார்.

சொக்சோவுக்கு மனு போடுவோம் என்றபோது, "அது வேலை இடத்தில் அடிபட்டவனுக்குத்தானே? எனக்கு வீட்டில்தானே வந்தது" என்றார். அந்த நினைப்பிலேயே 14 மாதங்கள் ஓடிவிட்டன. மனு இறுதியில் ஏற்கப்பட்டது. இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் ஓய்வூதியம் கிடைத்திருக்காது. அது ஏன் என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு தொழிலாளர் குடும்பத்துக்கும் பயன்படும்.

இரண்டு திட்டங்கள்

1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ 1971இல் செயல்படத் தொடங்கியது. அதில் இரண்டு திட்டங்கள் உண்டு.

முதலாவது, வேலை விபத்துத் திட்டம். வேலையிடத்து விபத்து, தொழில் சார்ந்த நோய் ஆகியவற்றோடு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் வழியில் விழுந்தாலும் மனு செய்யலாம். விபத்தை முதலாளி 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, இயலாமைத் திட்டம். மலாய் பாரங்களில் இது 'பென்சென் இலாட்' என்று இருக்கும். நோயோ விபத்தோ, எங்கே, எப்போது வந்தது என்பது இங்கே கேள்வி இல்லை. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், இருதய நோய் எதுவானாலும் சரி, குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் இருக்க வேண்டும். அதனால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாது என்று மருத்துவக் குழு உறுதிப்படுத்த வேண்டும். பாதிப்பு 60 வயதுக்கு முன் ஏற்பட்டிருக்க வேண்டும். இதற்காகத் தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு 0.5 விழுக்காடு சந்தா கட்டுகிறார்கள்.

மாதக் கணக்கு

முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி பெற இரண்டு வழிகள் உண்டு. மனு சொக்சோவிடம் சேரும் மாதத்திற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். இல்லாவிட்டால், முதன்முதலில் சந்தா கட்டத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். மொத்தம் 24க்குக் குறையக்கூடாது. மூன்றில் ஒரு பங்கு இருந்தால் குறைக்கப்பட்ட ஓய்வூதியம் கிடைக்கும்.

அப்பா இராணுவத்துக்குப் போகும் முன், 1987இல் ஓர் ஆண்டு தொழிற்சாலையில் வேலை செய்து சந்தா கட்டியிருந்தார். அதனால் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. இராணுவ ஆண்டுகளுக்கு சொக்சோ சந்தா கிடையாது. ஏறக்குறைய 36 ஆண்டுகளில் அவருக்கு இருந்தது 108 மாதச் சந்தா. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சியது 40 மாத வழி மட்டுமே. அதில் 14 மாதங்கள் வீட்டில் இருந்தாயிற்று. மீதி 26. இன்னும் மூன்று மாதம் கடந்திருந்தால் 23 ஆகியிருக்கும்.

தகுதி கைநழுவினாலும், குறைந்தது 12 மாதச் சந்தா இருப்பவருக்கு ஒரே தடவை தரப்படும் இயலாமைத் தொகை உண்டு. ஆனால் மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு அது ஈடாகாது. முழு ஓய்வூதியம் கணக்கிடப்படும் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும்.

மனுவுக்கு முன்

* சந்தா பதிவைச் சரிபாருங்கள். சம்பளத்தில் பிடித்தும் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் உடனே சொக்சோவிடம் புகார் செய்யுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.
* சிகிச்சை தரும் மருத்துவரின் அறிக்கை தெளிவாக இருக்கட்டும். நோயின் பெயர் மட்டும் போதாது. எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதும் இருந்தால் நல்லது.
* அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வையுங்கள்.
* மருத்துவக் குழுவின் முன் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அப்பா அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தார். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

மருத்துவக் குழுவின் முடிவு பாதகமாக வந்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் முறையிடலாம். புதிய மருத்துவ அறிக்கையோடு போவது நல்லது.

முன்னாள் வீரர்கள் கவனத்திற்கு

இராணுவப் பணியால் ஏற்பட்ட காயத்துக்கான மனு வேறு. அதை முன்னாள் இராணுவத்தினர் விவகார இலாகாவிடம் கொடுக்க வேண்டும். 21 ஆண்டுகளை எட்டாமல் வெளியேறி, ஓய்வூதியம் இல்லாமல் ஜாகாவாகவோ ஓட்டுநராகவோ வேலை செய்யும் சாதாரண நிலை வீரர்கள், தங்கள் சொக்சோ கணக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

டாக்சி, மின்அழைப்பு வாகன ஓட்டுநர்களுக்கு 2017இல் தனிச் சட்டம் வந்தது. அது வேலை விபத்துக்கு மட்டுமே பாதுகாப்பு தருகிறது. நோயால் வரும் இயலாமைக்கு அல்ல.

வீட்டில் யாராவது நோயால் வேலையை விட்டிருந்தால், அவர் கடைசியாகச் சந்தா கட்டிய மாதம் எது என்று இன்றே கேளுங்கள். அதிலிருந்து 16 மாதங்கள் தாண்டிவிட்டால் 40 மாத வழி அடைபட்டுவிடும்.