ரிச்சி ஸ்ட்ரீட்டும் ஹரப்பா செங்கல்லும்



இந்த மாதம் உங்களில் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், பையன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். ரெடிமேடாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பாகம் பாகமாக வாங்கித் தானே மாட்டிக்கொள்வதாகச் சொல்கிறான். நம்பி விடலாமா?"

விடலாம். சரித்திர வாத்தியாரிடம் கேட்டதால், காரணத்தையும் சரித்திரத்திலிருந்தே சொல்கிறேன்.

ஹரப்பா பாடம் நினைவிருக்கிறதா? செங்கல்லின் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதம். ஊருக்கு ஊர் அதே கணக்கு. அளவு பொதுவாகிவிட்டால், யார் அறுத்த கல்லும் யார் கட்டும் சுவரிலும் உட்காரும்.

கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு பொதுச் செங்கல் கிடைத்தது 1981 ஆகஸ்ட் 12 அன்று. அன்றுதான் ஐ.பி.எம். தன் 'பர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. எல்லாவற்றையும் சொந்தமாகவே செய்யும் கம்பெனி அது. இந்த முறை சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்ற அவசரம். அதனால் ப்ராசஸரை இன்டெல்லிடமும், இயக்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கியது. உள்ளே எது எதோடு சேர்கிறது என்ற விவரத்தையும் கையேடாகவே விற்றது. ஒரே ஒரு பூட்டு, 'பயாஸ்' என்ற சிறு நிரல். அதைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் வேறொன்றைக் காம்பாக் போன்றவர்கள் சொந்தமாக எழுதினார்கள். பூட்டு திறந்துவிட்டது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு, மதர்போர்டில் திருகு மாட்டும் துளை எங்கே இருக்க வேண்டும் என்பதுவரை பொதுவாக்கியது. பத்துக் கம்பெனிப் பாகங்கள் ஒரே பெட்டிக்குள் ஒத்துப்போவது இதனால்தான்.

பாகம் பொருந்தினால் போதுமா? விலை எட்ட வேண்டாமா? நம் நாட்டில் இறக்குமதி வரி மதில்சுவர் போல நின்றது. 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை அதில் முதல் கல்லைப் பெயர்த்தது. 1991-க்குப் பிறகு சுவர் மளமளவென்று இறங்கியது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005-க்குள் அதில் அடங்கிய கம்ப்யூட்டர், சிப் போன்றவற்றுக்குச் சுங்க வரி பூஜ்யமானது.

அதே 1997-ல் பறக்கும் ரயில் திருமயிலை வரை வந்தது. ஆழ்வார்பேட்டைப் பிள்ளைகள் அதில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தார்கள். ரேடியோ, டேப் ரெக்கார்டர் சாமான்களுக்குப் பேர்போன தெரு அப்போது மதர்போர்டும் ராமும் விற்கும் தெருவாகியிருந்தது. என் வகுப்பில் ஒரு பையன், அப்பா ஆட்டோ ஓட்டுபவர். ஒரு மாதம் கேபினட், இரண்டு மாதம் கழித்து மதர்போர்டு, பழைய மானிட்டர் ஒன்று என்று ஏறக்குறைய ஒரு வருடம் சேர்த்துக் கட்டினான். கட்டியது விளையாடத்தான், படிக்க என்று அவன் பொய் சொல்லவே இல்லை. பிறகு தெருவில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். முழுப் பணமும் ஒன்றாகக் கையில் இல்லாத வீட்டுக்கு, தவணை தவணையாகக் கட்ட முடிந்ததுதான் பெரிய விஷயம்.

விளையாட்டுக்காரர்களுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தவை பெரும்பாலும் உச்சத்தில் இருந்த பாகங்கள் அல்ல. 1998-ல் வந்த செலரான் 300ஏ மலிவு ப்ராசஸர்தான். 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதைப் பலர் 450-ல் ஓட்டினார்கள். 2018-ல் வந்த ரைசன் 3 2200ஜி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே சுமாரான விளையாட்டுகளை ஓட்டியது. விலையும் ஒரே இடத்தில் நிற்காது. கொரோனாக் காலத்தில் கிரிப்டோ நாணயம் 'தோண்டுபவர்கள்' கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும், அதே கார்டுகள் பழைய சாமானாகச் சந்தைக்குத் திரும்பின. பொறுத்திருந்தவர்களுக்கு லாபம், ஆனால் இரவும் பகலும் உழைத்த கார்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஆகவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்:

ப்ராசஸரும் மதர்போர்டும் ஒரே சாக்கெட்டா என்று முதலில் பார்க்கட்டும். செங்கல் பொதுவானாலும் இந்த ஒரு இடம் கம்பெனிக்குக் கம்பெனி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

பணம் குறைவானால், உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ப்ராசஸரை வாங்கி, தனி கார்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். அப்படிச் செய்தால் ராமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு துண்டாக வாங்க வேண்டும். வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மட்டமானது போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். நம் ஊர் மின்சாரம் உங்களுக்குத் தெரியாததா?

ஜி.எஸ்.டி. பில் இல்லாத பேரம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாரண்டிக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

எல்லாம் மாட்டிய பின் திரையில் படம் வராவிட்டால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பார்கள். முதல் தடவை கட்டுகிறவர்கள் நிறையப் பேர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

"விளையாட்டுக்கு இவ்வளவு செலவா?" என்று சில தாத்தாக்கள் கேட்பது என் காதில் விழுகிறது. மூடிய பெட்டியை வாங்கித் தந்தால் அது விளையாட்டுச் செலவு மட்டும்தான். தானே கட்டிய பெட்டி என்றால், ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியும். கெட்டால் பயப்படாமல் திறக்கும்.

இன்னொன்று. கேள்வி கேட்ட எல்லோரும் "பையன்" என்றே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பெண் இருந்தால் திருப்புளியை அவளிடமும் கொடுங்கள். தம்பி பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்கட்டும்.

கட்டி முடித்தவர்கள் படம் அனுப்புங்கள். ஆசிகள்.