நிலத்தில் கசிந்த குரல்

செப்புக் கம்பியில் பேசுவது கம்பிக்குள்ளேயே அடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் மனித உயிர்களே விலையாகக் கொடுக்கப்பட்டன.

முதலாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் பிரித்தானியப் படையினர் பதுங்குகுழிகளுக்கிடையே பெரும்பாலும் ஒற்றைத் தொலைபேசிக் கம்பியையே இழுத்தனர். மின்னோட்டம் திரும்பிவரும் பாதையாக நிலமே பயன்பட்டது. கம்பியும் உழைப்பும் மிச்சமாயின. ஆனால் நிலத்தில் இறங்கிய மின்னோட்டம் நேர்கோட்டில் திரும்புவதில்லை, நாற்புறமும் பரவும். எதிரே இருந்த ஜேர்மனியர் மண்ணில் இரண்டு உலோக முளைகளை இடைவெளி விட்டு அறைந்து, அவற்றுக்கிடையே தோன்றிய நுண்ணிய மின்னழுத்த வேறுபாட்டை வெற்றிடக் குழாய்களால் பெருக்கிக் கேட்டனர். அந்த ஒட்டுக்கேட்கும் நிலையங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மோரிட்ஸ்'.

1916ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி, சோம் சமர் தொடங்கிய நாள். அன்று விடியுமுன்னரே, லா புவாசெல் கிராமத்தருகே இருந்த அத்தகைய நிலையமொன்று, தாக்குதலுக்குத் தயாரான படையினரை வாழ்த்திய பிரித்தானியக் கட்டளையின் ஒரு துண்டைப் பிடித்துவிட்டது. ஒரு வாரமாக நீடித்த பீரங்கி வீச்சு, தாக்குதல் நெருங்குவதை ஏற்கனவே உணர்த்தியிருந்தது. 'இன்றுதான்' என்பதைக் கம்பி சொல்லிற்று. அன்றைய ஒரே நாளில் பிரித்தானியத் தரப்பில் 19,240 பேர் மாண்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் அறுபடாத முட்கம்பி வேலிகளுமே அதற்குப் பிரதான காரணங்கள் எனினும், கசிந்த அந்தச் செய்தியையும் ஒதுக்கிவிட முடியாது.

பரிகாரம் அறியப்படாததல்ல. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் ஒன்றின் மின்காந்தப் புலத்தை மற்றையது பெருமளவு அழித்துவிடும். அலெக்சாந்தர் கிரகாம் பெல் இதற்கு 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். கப்டன் புல்லர் 1915இல் உருவாக்கிய 'புல்லர்போன்' என்ற தந்திக் கருவியும் ஒட்டுக்கேட்பதற்கு மிகக் கடினமானது.

கசிவைக் கணக்கிடும் சமன்பாடுகளோ 1926இல்தான் வந்தன. அமெரிக்காவில் ஜோன் கார்சனும் ஜேர்மனியில் பீலிக்ஸ் பொல்லாசெக்கும், நிலத்தைத் திரும்பு பாதையாகக் கொண்ட கம்பியைச் சூழவுள்ள புலத்தைத் தனித்தனியே கணித்தனர். கம்பியின் உயரம், மின்னோட்டத்தின் அதிர்வெண், மண்ணின் கடத்துதிறன் ஆகியவற்றை அறிந்தால் அயல் கம்பியில் எவ்வளவு மின்னழுத்தம் தூண்டப்படும் என்பதைச் சொல்ல முடிந்தது. மின்வழங்கல் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அருகருகே செல்லும் இடங்களில் பொறியியலாளர்கள் இன்றும் இவற்றை நாடுகின்றனர்.

சமன்பாடு பிறக்கப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அதன் விடை சோம் நதிக்கரையில் எழுதப்பட்டுவிட்டது.