தேயும் மோட்டாருக்கு யார் பணம் வைப்பது? ஊரகக் குடிநீர், கழிவுநீர் அமைப்புகளின் நிதி குறித்து

ஊரகக் குடிநீர்த் திட்டங்களின் நிதி பற்றிய விவாதம் பெரும்பாலும் முதலீட்டோடு நின்றுவிடுகிறது. தொட்டி கட்ட எவ்வளவு, குழாய் பதிக்க எவ்வளவு, மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்பவையே பேசப்படுகின்றன. கட்டிய அமைப்பு பத்தாண்டு கழித்தும் ஓடுமா என்பதை முடிவு செய்வது வேறொரு செலவு: தேய்ந்த கருவியை மாற்றும் செலவு. தமிழ்நாட்டு ஊராட்சிகளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இரண்டு கருத்துகளை முன்வைக்கிறது. மாற்றுச் செலவை ஓர் ஊராட்சி தனித்துத் தாங்க இயலாது என்பதால், அதற்கு ஊராட்சி ஒன்றிய அளவில் பொதுநிதி வேண்டும். கழிவுநீருக்கான பணமும் அந்நிதியிலேயே சேர வேண்டும்.

பணம் வரும் வழி

2002 டிசம்பரில் தொடங்கிய ஊரகக் குடிநீர்த் திட்டமான ஸ்வஜல்தாரா, மூலதனத்தில் 10 விழுக்காட்டை மக்களிடம் கேட்டது. பராமரிப்பு முழுவதையும் அவர்களிடமே விட்டது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கு சரிபாதி. இலக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் மக்கள் பங்கு 10 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் 5 விழுக்காடு. இச்சலுகை ஊரைப் பார்க்கிறது, தெருவைப் பார்ப்பதில்லை. பெரிய ஊரின் ஓரத்துக் காலனியில் வாழும் சில பத்துக் குடும்பங்களுக்கு அது எட்டாது.

பராமரிப்புக்கு வரும் பணத்தின் போக்கை ஊராட்சியின் வங்கிக் கணக்குகளே காட்டுகின்றன. தமிழ்நாட்டு ஊராட்சிகளின் வழக்கமான கணக்குகள் மூன்று. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சேரும் பொதுநிதி முதலாவது. மின்கட்டணத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்தும் கட்டணத்துக்கும் உரியது இரண்டாவது. மூன்றாவது திட்ட நிதி. மின்வாரியமும் குடிநீர் வாரியமும் தவறாமல் பில் அனுப்புகின்றன. அதனால் அவற்றுக்கெனத் தனிக் கணக்கு உண்டு. தேய்ந்துகொண்டிருக்கும் மோட்டார் பில் அனுப்புவதில்லை. அதற்கெனக் கணக்கும் இல்லை.

ஒரு மோட்டாரின் கணக்கு

எடுத்துக்காட்டாக 300 வீடுகள் உள்ள ஊராட்சி ஒன்றைக் கொள்வோம். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் என்றால், ஒருவர் விடாமல் கட்டினாலும் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் 80,000 ரூபாய், ஆயுள் 8 ஆண்டு எனக் கொண்டால், ஆண்டுச் சுமை 10,000 ரூபாய்தான். சராசரியாகப் பார்த்தால் தாங்கக்கூடியதே. ஆனால் மோட்டார் சராசரியாக எரிவதில்லை. ஒரு நாள் காலை டேங்க் ஆப்பரேட்டர் சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் டிரிப் ஆகிறது. மோட்டாரை மேலே தூக்க வண்டியும் ஆளும் வேண்டும். காயில் கட்டினால் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று முடிவாகும் வரை ஊரே குடத்தோடு அலைகிறது. ஓராண்டு வசூலில் முக்கால் பங்கு ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இருந்துவந்த 388 ஊராட்சி ஒன்றியங்களையும் 12,525 ஊராட்சிகளையும் வைத்துப் பார்த்தால், ஓர் ஒன்றியத்துக்குச் சுமார் 32 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒரு மோட்டார் என்றே வைத்தாலும் ஒன்றியத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு மோட்டார்கள் பழுதாகும். செலவு 3,20,000 ரூபாய். ஊராட்சிக்குப் 10,000 வீதம் சேர்த்தால் அது கிடைத்துவிடும். 15,000 வீதம் சேர்த்தால் கெட்ட ஆண்டையும் சமாளிக்கலாம். தனி ஊருக்கு விபத்தாக வருவது, 32 ஊர்களுக்கு எதிர்பார்த்த செலவாக மாறுகிறது. குடிமராமத்து மரபு இவ்விடத்தில் கைகொடுக்காது. கண்மாய் வண்டலை ஊர் கூடி வாரலாம். எரிந்த மோட்டாரை உடலுழைப்பால் மீட்க முடியாது.

ஜல் ஜீவன் வழிகாட்டுதலும் இத்தேவையை அறிந்தே இருக்கிறது. எதிர்பாராத பழுதுகளுக்கான சுழல்நிதியாக, ஊர்க் கட்டமைப்புச் செலவில் 10 விழுக்காட்டை மக்களுக்கே ஊக்கத்தொகையாகத் தர அது வகை செய்கிறது. எண்ணம் சரி, அளவு தவறு. ஊருக்குள் முடங்கும் சுழல்நிதி ஒரு பெரிய பழுதில் கரைந்துவிடும்.

கழிவுநீருக்கு யார் கட்டுவது?

வந்த நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. மேற்சொன்ன ஊரில் 1,200 பேர், ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாள்தோறும் சுமார் 52,800 லிட்டர். தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 5,000 பேர் வரையுள்ள ஊர்களுக்குக் கழிவுநீர் மேலாண்மைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை அனுமதித்தது. நம் ஊருக்கு 3,36,000 ரூபாய், ஒரே முறை. உறிஞ்சு குழி அடைத்துக்கொண்ட பிறகு அதைத் தூர்வார யார் பணம் தருவது?

குழாய் வறண்டால் கட்டணம் கட்டியவரே கேள்வி கேட்பார். சாக்கடை தேங்கினால், நீரை வெளியேற்றியவருக்கு நட்டமில்லை. தாழ்வான தெருவில் இருப்பவருக்கும் ஊருணிக்கும்தான் நட்டம். அத்தெரு யாருடையது என்பது பல ஊர்களில் விளக்கம் வேண்டாத செய்தி. ஆகவே கழிவுநீருக்குத் தனிக் கட்டணம் விதித்தால் வசூலாகாது. குடிநீர் ரசீதிலேயே அது சேர்ந்திருக்க வேண்டும். செப்டிக் டேங்க் கசடை அகற்றும் லாரியும் சுத்திகரிப்பு நிலையமும் ஒரே ஊருக்குக் கட்டுப்படியாகா என்பதால், இங்கும் ஒன்றியமே பொருத்தமான அளவு.

சியாரா தரும் சான்று

பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் உள்ள சியாரா மாநிலத்தில், சோப்ரால் நகரை மையமாகக் கொண்டு 1996-இல் சிசார் என்ற கூட்டமைப்பு உருவானது. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கி நிதியில் அமைந்த குடிநீர் அமைப்புகளைக் காப்பதே நோக்கம். ஊர்ச் சங்கங்களே அதன் உறுப்பினர். அன்றாட இயக்கம் ஊராரிடம். பில் தயாரிப்பும் பெரும் பழுதுநீக்கமும் கூட்டமைப்பிடம். அம்முறை பின்னர் மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஊரின் உரிமையும் பெரிய அளவின் வலுவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

இரு மறுப்புகள்

பொதுநிதி, அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் தந்த தன்னாட்சியைக் குலைக்கும் என்பர். கட்டணத்தைக் கிராமசபையே முடிவு செய்யட்டும். நிதியை ஊராட்சித் தலைவர்களின் குழுவே ஆளட்டும். அப்போது பறிபோகும் உரிமை எதுவுமில்லை. கவனமாக இருக்கும் ஊர், கவனமற்ற ஊருக்குப் படியளக்க நேரும் என்பது வலுவான மறுப்பு. ஒவ்வொரு பழுதிலும் ஐந்தில் ஒரு பங்கை அந்த ஊராட்சியே ஏற்க வேண்டும் என்று விதித்தால் அக்கறை குறையாது.

15-ஆவது நிதிக்குழு 2021–26-க்குப் பரிந்துரைத்த ஊரக மானியத்தில் 60 விழுக்காடு துப்புரவுக்கும் குடிநீருக்கும் கட்டுப்பட்டது. அத்தகைய மானியத்தில் ஒரு சிறு பங்கையும் ஜல் ஜீவன் சுழல்நிதியையும் ஒன்றிய நிதிக்கு முதலாக வைக்கலாம். புதிய வரி வேண்டியதில்லை. இருக்கும் பணத்தை ஊர் எல்லையைத் தாண்டிச் சேர்த்துவைக்க அனுமதிக்கும் அரசாணையே முதல் தேவை.